தெரியாது என்று சொன்ன சிஸ்டர்

பிற்பகல் மூன்று இருபதுக்குப் போன் வந்தது. ஆம்பூரில் என் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் போன் எடுப்பதில்லை. ஆனால் அது அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. எடுத்தேன். என் மகன் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து யாரோ பேசினார்.

"டீச்சர், கழிவுத் தொட்டியில கேஸ் அடிச்சி பிரவீன் விழுந்துட்டான். மேல தூக்கிட்டோம். வேலூருக்கு ஏத்தியாச்சு. நீங்க நேரா அங்க வந்துடுங்க."

பிரவீன் என் ஒரே மகன். தோல் கம்பெனியில் பம்பு, மோட்டார் பார்க்கிற வேலை. திருப்பிக் கூப்பிட்டேன். போனை அணைத்துவிட்டார்கள். பஸ்ஸில் வேலூர் போய்ச் சேரும்வரை கண்ணாடிக்கு வெளியே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்பானவர்களே, விஷவாயு அவன் நுரையீரலில் நீர் கோர்க்கச் செய்திருந்தது. முகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஒரு மாஸ்க்கை மாட்டி, மெஷின் வழியாகக் காற்றை உள்ளே தள்ளினார்கள். அவன் அதைப் பிய்த்து எறிந்தான். மாட்டினார்கள். மறுபடி பிய்த்தான். கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தான். கடைசியில் இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். மறுநாள் காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒத்துழைக்கலைன்னா மயக்கம் கொடுத்து டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும்மா."

என் கணவர் அப்படி உள்ளே போனவர்தான். திரும்பி வரவில்லை.

என் மகன் கட்டிலில் கட்டுண்டு கிடந்தான். நான் அவன் பக்கத்தில் நாற்காலியில் கட்டுண்டு கிடந்தேன். அந்த மெஷின் சத்தம் எனக்கும் மூச்சடைத்தது. வெளியே போனால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். உள்ளே இருந்தால் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஜெபக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நடக்காததை நடந்தாயிற்று என்று விசுவாசத்தோடு வாயால் அறிக்கையிடுவோம். நான் அதைத்தான் செய்தேன். அவன் காதருகே குனிந்து, "உனக்குச் சுகமாயிடுச்சு, எல்லாரும் நல்லா இருக்காங்க, ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். குழுவை நடத்தும் சாந்தி அக்காவைப் போனில் கூப்பிட்டு, போனை அவன் காதில் வைத்தேன். அவரும் அதையே அறிக்கையிட்டார். நாங்கள் சொல்லச் சொல்ல, பிரவீன் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கால்களை உதைத்தான். பிள்ளைக்கு விசுவாசம் போய்விட்டதே என்று அழுதேன்.

அப்போது வேலை மாறி வந்தார் சிஸ்டர் கலைவாணி. ஆலங்காயத்துப் பெண். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. வந்தவுடன் மெஷினைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"பிரவீன், என் பேரு கலைவாணி. இன்னிக்கு நான்தான் உன்ன பாத்துக்கப் போறேன். உன் வலது கைக்கட்டை அவுக்கறேன். என் கையைப் பிடிச்சுக்க. ஆமான்னா அழுத்து. இல்லன்னா சும்மா இரு."

நான் பதறினேன். "அவுக்காதீங்க சிஸ்டர், பிச்சிடுவான்."

"பிச்சா திரும்ப மாட்டிக்கலாம்மா. முன்னாடி டூட்டியில இருந்தவங்க ஒண்ணு சொன்னாங்க. மாஸ்க்கை எடுத்ததும் இவன் ஆறுதலா மூச்சு விடலையாம். எறங்கறதுக்குத் தரையத்தான் தேடுறானாம்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "மாஸ்க் மூச்ச அடைக்குதா?" விரல்கள் அசையவில்லை. "எங்கயாவது போகணுமா?" அழுத்தினான். "வீட்டுக்கா?" இல்லை. "கம்பெனிக்கா?" அவர் விரல் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தினான்.

"அங்க யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா?"

என் மகனின் கண்ணிலிருந்து மாஸ்க்குக்குள் தண்ணீர் இறங்கியது.

எனக்குப் புரிந்துவிட்டது. இம்தியாஸ். வாணியம்பாடிப் பையன், இவனோடு அதே வேலை பார்ப்பவன், என் வீட்டில் உட்கார்ந்து உரிமையோடு டீ கேட்டுக் குடிக்கிறவன். அவன் விழுந்ததைப் பார்த்துத்தான் இவன் இறங்கியிருக்கிறான். எனக்கு வந்த போனில் அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பழக்கதோஷத்தில் அவன் காதருகே குனிந்து, "அங்க யாரும் இல்லப்பா, இம்தியாஸ் நல்லா இருக்கான்" என்றேன். பிரவீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அது உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார் சிஸ்டர்.

"தெரியாது. விசுவாசத்துல சொன்னேன்."

"விசுவாசத்த உங்க சாமிகிட்ட சொல்லுங்க. இவன்கிட்ட தெரிஞ்சத மட்டும் சொல்லுவோம்." பிறகு அவனிடம் திரும்பினார். "இம்தியாஸ் எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது, பிரவீன். விசாரிக்கறேன். நல்லதோ கெட்டதோ, நானே வந்து உன்கிட்ட சொல்வேன். நான் வர்ற வரைக்கும் இத கழட்டாம இருப்பியா?"

அழுத்தினான்.

வராந்தாவில் அவரைப் பிடித்துக் கெஞ்சினேன். "கெட்ட செய்தியா இருந்தா இன்னிக்கு மட்டும் சொல்லாதீங்க சிஸ்டர். நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு இவன் ஒருத்தன்தான்."

"பொய் சொன்னா நாளைக்கு என் கையப் பிடிக்கமாட்டாம்மா. அப்புறம் நான் எந்த மருந்த வெச்சு இவன மூச்சு விட வைப்பேன்?"

திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அறிக்கையிட வாய் வரவில்லை. விசுவாசத்துக்கு வந்த நாளிலிருந்து சொல்லாத ஒரு ஜெபத்தை அன்று சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது." அவ்வளவுதான். பிரவீனின் கை கட்டில்லாமல் என் முன்னால் கிடந்தது. மாஸ்க் பக்கம் அது போகவே இல்லை. அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் இறங்குகிற நேரத்தில் சிஸ்டர் வந்தார். வாணியம்பாடியில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தன் தோழி மூலமாக இம்தியாஸின் அம்மாவையே போனில் பிடித்திருந்தார். அதே ஸ்டூலில் உட்கார்ந்து அவன் கையை எடுத்துக்கொண்டார்.

"இம்தியாஸையும் மேல தூக்கிட்டாங்க. வாணியம்பாடியில ஒரு ஆஸ்பத்திரியில இருக்கான். உயிரோட இருக்கான். இன்னும் கண்ணு முழிக்கல. அதுவும் உண்மை. அவங்க அம்மா பக்கத்துலயே இருக்காங்க."

பாதி நல்லது, பாதி கெட்டது. இதைத் தாங்குவானா என்று பார்த்தேன். பிரவீன் கண்ணை மூடினான். தோள் இறங்கியது. மாஸ்க் தள்ளுகிற காற்றை முதன்முறையாகச் சண்டையில்லாமல் உள்ளே வாங்கினான். டாக்டர் வந்து பார்த்தார். டியூப் வேண்டாம் என்றார்.

வீடு திரும்புகிற நாளில் சிஸ்டரின் போன் நம்பர் கேட்டேன். சிரித்தார். "வேண்டாம்மா. எங்க படிப்புல, நோயாளியோட பழகற உறவே ஒரு வைத்தியம்னு சொல்லித்தருவாங்க. மொதல்ல முன்பின் தெரியாத ஆளாத்தான் வருவோம். அப்புறம் நம்பிக்கை வரும். அது வேலை செய்யும். வேலை முடிஞ்சதும் விட்டுடணும். நான் தேவைப்படாம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது."

பெரிய டாக்டரை அனுப்பும் என்று நான் ஜெபித்திருந்தேன். கர்த்தர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருகிற ஒருவரை அனுப்பினார். அவருக்கே ஸ்தோத்திரம். இன்னமும் போன் அடித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் அவரிடம் அப்படியே சொல்கிறேன். நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது இப்போதெல்லாம் முதலில் உட்காருகிறேன், கேட்கிறேன், பிறகுதான் ஜெபிக்கிறேன். இதை வாசிக்கிற உங்களில் யாராவது அப்படி ஒரு நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தால், தைரியசாலி மாதிரி பேசவேண்டாம். தெரியவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். அந்த ஜெபத்தையும் அவர் கேட்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நாங்கள் புறப்படத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வார்டு வாசலில் ஒருவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாதியாக இளைத்திருந்தான். பிரவீன் அவனையே பார்த்தான். இம்தியாஸ் மெல்ல நடந்து வந்து கட்டிலைத் தட்டினான்.

"இன்னாடா தோஸ்த், என்னைத் தேடி மறுபடியும் தொட்டிக்குக் கெளம்பினியாமே? பைத்தியம். நகருடா, நான் உக்காரணும்."