இருபத்தோராம் நாள்

அந்த ஹார்மோன் பரிசோதனைப் படிவத்தில் பெயருக்கும் வயதுக்கும் கீழே, மாதவிலக்குத் தொடங்கி எத்தனையாவது நாள் என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அண்ணியின் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியவள் நான்தான். நீல மையால் 21 என்று எழுதி, மை காய வேண்டும் என்று ஊதியதுகூட நினைவிருக்கிறது. எழுதியதில் பொய் இல்லை. அன்று அண்ணிக்கு இருபத்தோராம் நாள்தான். ஆனாலும் பிழைப்புக்காக நான் எழுதிய ஆயிரக்கணக்கான எண்களில் எங்கள் வீட்டை இப்படி ஆட்டிவைத்தது வேறொன்று இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவின் சிறிய மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை அறையில் எனக்கு வேலை. வீடு திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் வழியில் ஒரு கிராமம். காலையில் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து, அங்கிருந்து ரயிலில் விழுப்புரம் போவேன். முண்டியம்பாக்கம் வந்ததும் சர்க்கரை ஆலையின் புளித்த வாசனை பெட்டிக்குள் நுழையும். இறங்குவதற்கு எல்லோரும் சேலையைச் சரிசெய்துகொள்வோம். சர்க்கரை, உப்பு, ரத்தசோகை இவற்றையெல்லாம் நானே பார்ப்பேன். ஹார்மோன் பரிசோதனை அங்கே கிடையாது. ரத்தத்தை எடுத்து உறையவிட்டு, இயந்திரத்தில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைச் சின்ன பாட்டிலில் பிரித்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக் கொடுத்தால் கம்பவுண்டர் மெட்ராஸுக்கு எடுத்துப்போவார். முடிவு தபாலில் வர எட்டு ஒன்பது நாளாகும்.

அண்ணி மரக்காணம் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். உயரமானவர், பேச்சு குறைவு. நடவில் இறங்கினால் பக்கத்து வரிசைக்காரி பாதி வருவதற்குள் தன் வரிசையை முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பார். ரயிலுக்கு ஓடும் எனக்கு விடியற்காலையில் தலை பின்னிவிட்டு, கேப்பைக் களியோ சோறோ எதையாவது தூக்கில் வைத்துக் கையில் திணிப்பது அவர்தான். அண்ணனைக் கட்டிக்கொண்டு ஐந்து வருடமாகியும் குழந்தை இல்லை. அம்மா அவரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் உறவில் வளைகாப்பு வந்தால், “நீ ஊட்டுல மாட்டப் பாத்துக்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அண்ணி சரி என்று தலையாட்டுவார். அன்று முழுக்கத் தொழுவத்தைக் கழுவிக்கொண்டே இருப்பார்.

டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று வற்புறுத்தியது நான்தான். அம்மாவும் கூடவே வந்தாள். மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் அம்மா, “அதெல்லாம் ஒழுங்கா வருதும்மா” என்றாள். அண்ணனும் வர வேண்டுமே என்றதற்கு, “அவனுக்கு இன்னாம்மா, நல்லாத்தான் கீறான்” என்றாள். வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். கருமுட்டை வெளிவருகிறதா என்று பார்க்க ஒரு ஹார்மோன் பரிசோதனையைச் சீட்டில் எழுதிய டாக்டரம்மா, இருபத்தோராம் நாள் ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லோருக்கும் எழுதுவது அதைத்தான்.

முடிவு வந்தபோது எண் மிகவும் குறைவாக இருந்தது. இந்த மாதம் முட்டை வெளிவந்ததாகத் தெரியவில்லை, மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். அதை அப்படியே நான் வீட்டில் சொன்னேன். ஆனால் அம்மாவின் காதில் விழுந்தது வேறு. மறுநாள் கிணற்றடியில் அது ‘முட்டையே இல்லியாம்’ என்றாகி, அந்த வாரச் சந்தைக்குள் ‘கருப்பை காஞ்சி போச்சாம்’ என்று முற்றிவிட்டது. காகிதத்தில் இருக்கிறது, மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறது என்றதும் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. அண்ணன் மோட்டார் கொட்டகையிலேயே சாப்பிட ஆரம்பித்தான். அனந்தபுரத்தில் தூரத்து உறவில் ஒரு பெண் இருப்பதாக அம்மா பேச்செடுத்தாள். பேசும்போது அவளும் அழுதாள். அழுதுகொண்டேதான் நாளும் பார்த்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் தலை பின்னிக்கொள்ள அண்ணியைத் தேடினால், தொழுவத்து ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் அப்படித்தான். நானே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு ரயிலேறினேன். மயிலம் தாண்டும்போது விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். போன மாதவிலக்குத் தொடங்கி முப்பத்தாறாம் நாள். மறுபடி எண்ணினேன், அதேதான். அண்ணிக்கு எப்போதும் ஐந்து வாரத்துக்கு ஒரு முறைதான். அந்த மூன்று நாளும் தண்ணீர் சேந்துவது நான் என்பதால் எனக்கு அது நன்றாகவே தெரியும். முட்டை வெளிவந்து சுமார் இரண்டு வாரத்தில் மாதவிலக்கு வரும். முட்டை வெளிவந்த பிறகுதான் அந்த ஹார்மோன் ஏறும். இருபத்தெட்டு நாள் கணக்குள்ளவர்களுக்கு இருபத்தோராம் நாள் சரி. அண்ணிக்கு முட்டை வெளிவருவதே அந்த இருபத்தோராம் நாளையொட்டித்தான் இருந்திருக்கும். ஏறாத ஹார்மோனை அளந்துவிட்டு, இல்லை என்று எழுதிவிட்டோம். மெட்ராஸ்காரர்கள் சரியாகத்தான் அளந்தார்கள். கேட்ட நாள்தான் தப்பு.

தெரிந்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். ரத்தம் சோதிக்க இரண்டு வருடம் மட்டும் படித்தவள் டாக்டரம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று பயந்தேன். நான் எண்ணியதே தப்பாக இருந்து, மறுபரிசோதனையிலும் அதே முடிவு வந்தால் அண்ணியை இரண்டாம் முறை கொன்றதாகுமே என்றும் பயந்தேன். பத்து நாள் அந்தப் பயத்தைத் தூக்கோடு சேர்த்து ரயிலில் சுமந்துகொண்டு போய்வந்தேன். வேலையில் ஒவ்வொரு பாட்டிலின் மேலும் ஒட்டிய பெயரை மூன்று தடவை படித்தேன். அண்ணி முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத் தலை பின்னிவிட்டார். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அனந்தபுரம் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. மறுநாள் டாக்டரம்மா சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அவர் முன்னால் போய் நின்றேன். நாள் கணக்கைச் சொன்னேன். எழுந்துபோய்ப் பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

“எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருதுன்னு நான் கேட்டிருக்கணும். ஒழுங்கா வருதான்னு மட்டும் கேட்டேன்” என்றார். பிறகு, “நீ தெரிஞ்சும் பத்து நாள் சும்மா இருந்தியா?” என்றார். அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம். இருபத்தெட்டாம் நாள் மறுபடி எடு என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அண்ணி களத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கை நிற்காமல் உரித்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?”

“அப்டி சொல்ல முடியாது அண்ணி. அந்தக் காயிதத்த வெச்சிக்கினு ஒண்ணும் சொல்ல முடியாது. நாளு தப்பு. எம்மேலதான் தப்பு.”

“முப்பத்தஞ்சு நாளுன்னு எனக்குத் தெரியுமே. என்னிய யாரும் கேக்கல.” சொல்லிவிட்டு உரித்த பருப்பை முறத்தில் தள்ளினார். பாதி தரையில் சிதறியது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. “அன்னிக்கு அந்தக் காயிதம் இல்லன்னுச்சி. இன்னிக்கி நீ இருக்குதுன்ற. எதடி நம்பறது?” என்றாள். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளே, அந்தக் கலக்கம் அவளுக்கு. கெட்ட சேதி சொன்ன காகிதத்தை ஒரே நொடியில் நம்பிய வீடு, அது தப்பு என்பதை நம்ப மாட்டேன் என்றது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன்தான் முடித்துவைத்தான். “அனந்தபுரத்துக்கு யாரும் போவ வேணாம். போனா நான் ஊட்டுல இருக்க மாட்டேன்.” அந்த ஐந்து வருடத்தில் அவன் அண்ணிக்காக அம்மாவிடம் பேசி நான் கேட்டது அன்றுதான்.

இருபத்தெட்டாம் நாள் நானே மறுபடி ரத்தம் எடுத்தேன். கம்பவுண்டரிடம் கொடுக்க மனம் வரவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு நானே பிளாஸ்க்கை மடியில் வைத்து மெட்ராஸ் போனேன். செங்கல்பட்டில் ஐஸ் கரைந்துவிட்டதோ என்று திறக்கவும் பயம், திறக்காமலிருக்கவும் பயம். எட்டு நாள் கழித்து வந்த எண் நன்றாக இருந்தது. அந்த மாதம் முட்டை வெளிவந்திருந்தது. ஊர் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் திண்டிவனத்திலிருந்து ஒரு கரும்பு லாரியில் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த மல்லாட்டை பிடுங்குவதற்குள் உங்கள் கையில் பிள்ளை இருக்கும் என்று சொன்னேன். அண்ணி முதல்முறையாக என் எதிரில் அழுதார். அண்ணனும் யாரிடமும் சொல்லாமல் விழுப்புரம் வந்து பரிசோதித்துக்கொண்டான். அவனுக்கும் குறை எதுவும் தெரியவில்லை.

குழந்தை பிறக்கவில்லை. அடுத்த மல்லாட்டைக்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. ஏன் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் அன்று தடுத்ததோடு இரண்டாம் கல்யாணப் பேச்சு செத்துவிட்டது. அம்மா கடைசிக் காலத்தில் அண்ணி ஊட்டினால்தான் சாப்பிட்டாள். அண்ணனும் அண்ணியும் தலை நரைத்து அதே வீட்டில் இருக்கிறார்கள்.

இப்போது திண்டிவனத்தில் நான் ஒரு சிறிய பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறேன். போன மாதம் கிளியனூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். வேறெங்கோ எடுத்த பரிசோதனையின் முடிவு செல்போனில் இருந்தது. சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் எண். அவள் வயதுக்குக் குறைவு. மாமியாரும் அதைப் பார்த்துவிட்டாராம். எனக்கு எங்கள் ஊர்க் கிணற்றடி நினைவுக்கு வந்தது. சிகிச்சைக்கு ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்று கணிக்கத்தான் அந்த எண் உதவும், தானாகக் குழந்தை தங்குமா தங்காதா என்பதை அது சொல்லாது, கணவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார் என்றேன். பேச்சு வாக்கில் உனக்குக் கட்டாயம் குழந்தை பிறக்கும் கண்ணு என்றும் சொல்லிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது இதை அண்ணியிடம் சொன்னேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்காமல் வைத்திருந்ததையும் அன்றுதான் கேட்டேன். அந்த 21 எழுதியதற்கு என்மேல் கோபம் இருந்ததா என்று.

அண்ணி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“மொத காயிதத்துக்குப் பதினேழு நாளு அழுதேன். அது போச்சி. ரெண்டாவது காயிதத்த சிரிச்சிக்கினு படிச்சிக் காட்டின பாரு, அத நம்பிக்கினு ஒவ்வொரு மாசமும் நாள எண்ணினேன். எத்தினி வருசம். எண்றத நிறுத்தின அன்னிக்கிதான் எனக்குத் தூக்கம் வந்துச்சி.” பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார். “அந்தப் பொண்ணு வந்தா அதயும் சொல்லு.”

அவள் இன்னும் வரவில்லை. கூடத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் அவள்தானோ என்று நிமிர்ந்து பார்க்கிறேன்.