எங்கள் தீவின் ஒரே இளைஞர்

லாகி என்று நாங்கள் கூப்பிடும் லாகிட்டுப்புவுக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கள் தீவின் இளைஞர் அவர்தான். இளைஞர் சங்கத்தின் தலைவர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம் அவரே. கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்கு இளைஞர் அணி வரட்டும் என்று போதகர் கூப்பிட்டால், இவர் ஒருவர் மட்டும் இடுப்பில் ஓலைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

மற்றவர்கள் எங்கே என்று கேட்கக் கூடாது. நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கிறார்கள். யாரோ ஒருவருடைய கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். தலைநகர் புனாபுட்டியில் வேலை தேடுகிறார்கள். அதுவும் ஒரு வேலைதானே. ஊரில் மிஞ்சியது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பெண்களாகிய நாங்கள், அப்புறம் கம்பத்துக்காரர்கள்.

எங்கள் ஊர்மண்டபத்தில் ஐம்பதைத் தாண்டிய குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பம் உண்டு. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் பேசலாம், தீர்ப்புச் சொல்லலாம், தூங்கவும் செய்யலாம். சாப்பாடு இருந்த இடத்துக்கே வரும். ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்கள் முதுகுக்கு ஆதரவில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்து, கூப்பிட்ட குரலுக்கு எழுந்து பரிமாற வேண்டும்.

என் வீட்டுக்காரர் நிக்கொதேமோவுக்கும் லாகிக்கும் ஒரே வயது. ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் இருவருக்கும் ஞானஸ்நானம். ஒரே கிண்ணத்துப் பயல்கள் என்றுதான் இன்றைக்கும் ஊர் சொல்லும். முதலில் லாகியின் தலையில் ஊற்றிவிட்டு மிச்சத்தைத்தான் இவர் தலையில் தெளித்தார்களாம். இவருடைய சோம்பலுக்கு அதுதான் காரணம் என்று என் மாமியார் சாகும்வரை நம்பினார். ஐம்பது பிறந்த வாரமே இவர் கம்பத்தில் சாய்ந்தார். இன்னும் நிமிரவில்லை.

லாகிக்கும் கம்பம் இருந்தது. அவருடைய சித்தப்பா இறந்ததிலிருந்து அது காலி. ஆனால் அவர் அதில் சாய்ந்துவிட்டால் பெரியவர்களுக்கு யார் பரிமாறுவது? "பசங்க ஊருக்குத் திரும்பட்டும், அப்புறம் உக்காருப்பா" என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள். பசங்கள் அங்கேயே வீடு வாங்கினார்கள். இதற்கிடையில் வெளிநாட்டு உதவியாக வந்து கெட்டுப்போன சோலார் பேட்டரி ஒன்றை வைக்க இடமில்லாமல் லாகியின் கம்பத்தடியில் சாய்த்து வைத்தார்கள். வேலை செய்யாத பேட்டரிக்குக் கம்பம் கிடைத்தது.

சின்ன வயதில் அவர் ஜெர்மன் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறையில் இருந்தவர். அப்பா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தார். மகளின் பிரசவத்துக்கு ஆக்லாந்து போன மனைவி வேலெய் திரும்பி வரவில்லை. அங்கே பேரப்பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அவளை எப்படி அனுப்புவார்கள்? லாகி விடியுமுன் தென்னையில் ஏறிப் பாளை சீவுவார். பெரியவர்கள் வீட்டு மரங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான். புளிக்காத இனிப்புக் கள் இல்லாமல் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பொழுது விடியாது. பிறகு கிழங்கு பயிரிடும் குழியில் சேறு அள்ளுவார். கப்பல் வந்தால் பவளப் பாறைகளுக்கு நடுவே படகை விட்டுச் சாமான் இறக்குவார். கல்யாணமென்றால் பன்றி வெட்டுவார், சாவென்றால் குழி வெட்டுவார். சாயங்காலம் மறுபடியும் மரம்.

ஒருநாள் சமையல் கொட்டகையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, வலிக்குதா?" என்றேன்.

"தங்கச்சி, அங்க உக்காந்து பேசணும்னுகூட எனக்கு ஆசையில்ல. கொஞ்ச நேரம் சாஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

அன்று ராத்திரி என் வீட்டுக்காரருக்கு மீனில் உப்புப் போடவில்லை. அவர் கவனிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் புனாபுட்டியிலிருந்து லோசலின் என்ற அதிகாரி கப்பலில் வந்தாள். வெளிநாட்டில், சுவாவில் படித்த பெண். பெரியவர்கள் கம்பங்களில் சாய்ந்திருக்க, பெண்கள் நாங்கள் ஓரத்தில் பாய் முடைந்துகொண்டிருக்க, அவள் நடுவில் உட்கார்ந்து பேசினாள்.

"நம்ம நாட்டுல நூத்துக்கு அறுபது பேர் உழைக்கிற வயசுல இருக்காங்க. இது எவ்வளவு பெரிய பலம் தெரியுமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். தலைமைப் பெரியவர் பெனிட்டாலாவுக்கு நிஜமாகவே எண்பது இருக்கும். அவர் ஆர்வமாகக் கேட்டார்: "அந்த அறுபது பேரும் எங்கம்மா இருக்காங்க?"

அத்தனை விரல்களும் பின்வரிசையை நோக்கி நீண்டன. "அதோ இருக்காரே!"

லாகி தட்டில் கள்ளுக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

லோசலின் சிரித்தாள். "அவர் மட்டும் இல்ல தாத்தா. பதினஞ்சுலேருந்து அறுபத்திநாலு வரைக்கும் எல்லாருமே அந்தக் கணக்குத்தான். கடல் ஊரை அரிக்காம இருக்கச் சுவர் கட்டப்போறோம். அதுக்கு அடுத்த கப்பல்ல பைங்க வருது. மணல் அள்ளி நிரப்பி அடுக்கறது உங்க ஊர் பொறுப்பு. இங்க அந்த வயசுல யார் யார் இருக்கீங்க?"

கம்பத்தில் சாய்ந்திருக்கும் தாங்களும் அந்த நாட்டின் பலத்தில் சேர்த்தி என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு அறுபத்தெட்டும்மா" என்று ஒரு கம்பத்திலிருந்து ஆரம்பித்தார் அப்பினெலு.

"எழுபது" என்றார் பக்கத்துக் கம்பம்.

போன வருஷம்தான் ஐம்பது முடிந்ததென்று பன்றி வெட்டி விருந்து வைத்த ஒருவர், கூசாமல் அறுபத்தைந்து என்றார். அந்தப் பன்றியின் எலும்பை நாய்கள் இன்னும் கடித்துக்கொண்டிருந்தன. வேறு ஊரில் வயதைக் குறைப்பார்களாம். எங்கள் ஊரில் வயது ஏறினால் மரியாதையும் ஏறும் என்பதால் பொய் சொல்வதில்கூட ஒரு கம்பீரம் இருந்தது.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அறுபத்தாறு."

"அடேங்கப்பா!" என்று நான் ஓரத்திலிருந்து வாயைத் திறந்தேன். "எனக்குத் தெரியாம எட்டு வருஷம் எங்க போய் வளந்துட்டு வந்தாரு?"

பெண்கள் சிரித்தார்கள். அவர் காது கேட்காதவர்போல் கூரையைப் பார்த்தார். பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்க லோசலினுக்கும் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. லாகியின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு ஐயா?"

லாகி தட்டை மண்டபத்தின் நடுவில் வைத்தார்.

"நிக்கொதேமோ ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒரே கிண்ணம், ஊருக்கே தெரியும். எனக்கும் அறுபத்தாறு."

நேராகத் தன் கம்பத்துக்குப் போனார். பேட்டரியை இரண்டு கைகளாலும் தூக்கி, பின்வரிசையில் தான் உட்காரும் இடத்தில் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து மெதுவாக முதுகைச் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாயில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

யாரும் அவரை எழுப்பப் போகவில்லை. அவரை எழுப்பினால் தங்கள் வயதும் கூடவே எழுந்துவிடும். தட்டு நடுவிலேயே இருந்தது. குவளைகளில் ஈ உட்கார்ந்தது. கடைசியில் லோசலினே எழுந்து எல்லோருக்கும் கொடுத்தாள். நூற்றுக்கு அறுபது பேரில் எங்களுக்கு ஒருத்தி கிடைத்தாள். மறுநாள் அவளையும் கப்பல் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அன்று காலை எந்த வீட்டிலும் கள் இல்லை. மாலையும் இல்லை. அடுத்த நாள் கம்பங்களில் சாய்ந்திருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். அதற்கடுத்த விடியலில் என் வீட்டுக்காரர் லாகியின் வீட்டுக்குக் கிளம்பினார். வேடிக்கையை விடுவேனா? நானும் பின்னால் போனேன்.

லாகி வாசலில் பாய் விரித்து, வீட்டுத் தூணில் சாய்ந்திருந்தார்.

"லாகி, மரமெல்லாம் சும்மா நிக்குதுடா. பாளை காஞ்சு போயிடும்."

"என்ன பண்றது, வயசாயிடுச்சேப்பா நமக்கு."

இவர் அக்கம்பக்கம் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "டேய், எனக்கு அறுபத்தாறு இல்லடா. அம்பத்தெட்டுதான்."

"நிஜமாவா?"

"சத்தியமா. உனக்கும் அம்பத்தெட்டுதான்டா!" நல்ல செய்தி சொல்லவந்தவர்போல அவர் முகமெல்லாம் சிரிப்பு.

லாகி எழுந்திருக்கவில்லை. பாய்க்கு அடியில் கையை விட்டுப் பாளை சீவும் கத்தியை எடுத்து, பிடியை இவர் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"அப்ப ஏறு."

என் வீட்டுக்காரர் தென்னையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கள் பிடிக்கிற பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.