கடைவாய்ப் பல்லும் மேல் டிவிசன் ரோடும்

என் வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் முப்பது வயதுக்கு மேல்தான் வெளியே வரப் பார்த்தது. முழுதாக வரவும் இல்லை, சும்மா கிடக்கவும் இல்லை. ஈறு வீங்கும். மாத்திரை போட்டால் வற்றும். கொஞ்ச நாள் போனதும் மறுபடி வீங்கும். பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த பல் டாக்டர் அம்மா, "இது நிமிர்ந்து நிக்கல. பக்கத்துப் பல்லுல தலைய வச்சுப் படுத்துக் கெடக்கு. வெட்டித்தான் எடுக்கணும்" என்றார். உடனே சரி என்றேன். அந்த வலியோடு இன்னொரு மழைக்காலத்தைக் கழிக்க எனக்குத் தெம்பில்லை.

என் வேலைக்கு வாய் வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் நான். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத வாண்டுகளையும் என்னிடம் விட்டுப் போவார்கள். பாட்டு, கதை, கொஞ்சல், அதட்டல் என்று பகல் முழுக்க வாய் ஓயாது. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. அதனால் ஆஸ்பத்திரிக்கு என்னோடு துணைக்கு வந்தது மாமியார்தான்.

விறைப்பு ஊசி போட்ட பிறகு வலி தெரியவில்லை. சத்தம்தான் தெரிந்தது. தாடைக்குள் யாரோ கல் உடைப்பது போல இருந்தது. டாக்டர் அம்மா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பல்லைத் துண்டு துண்டாக எடுத்துத் தையல் போட்டு, மடித்த பஞ்சுத்துணியைக் கடிக்கக் கொடுத்தார். பிறகு மாமியாரை உள்ளே கூப்பிட்டு, "துப்பக் கூடாது. உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. சூடா எதுவும் கொடுக்காதீங்க. ரத்தம் கட்டினாத்தான் அந்தக் குழி ஆறும். அந்தக் கட்டி கழண்டுச்சின்னா வலி தாங்க மாட்டாங்க" என்றார். மாமியார் தலையை ஆட்டினாரே தவிர ஒரு வார்த்தையையும் நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ரோடு வளைகிற கோயில் முடக்கில் பஸ் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து எங்கள் வீடு இருக்கும் மேல் டிவிசனுக்கு நடைதான். முந்தைய வருட மழையில் ரோட்டின் ஓரம் ஒரு இடத்தில் சரிந்து போனது. தோட்டத்து ஆட்களே கல் அடுக்கி அணை கட்டினார்கள். ஆனாலும் ரோடு சரியில்லை என்று பஸ் அந்த முடக்கோடு திரும்பிவிடும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பாதி வழியில் விறைப்பு விட ஆரம்பித்தது. முதலில் உதடு, அப்புறம் நாக்கு, கடைசியில் அந்தக் குழி. வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பாமல் விழுங்கினேன். கண் இருட்டியபோது ரோட்டோர மதகுக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் எனக்கு மேலே குடையைப் பிடித்தார். கொழுந்து மூட்டை ஏற்றிய லொறி ஒன்று மேலேயிருந்து இறங்கி எங்களைக் கடந்து போனது.

"கொழுந்துக்கு ரோடு இருக்கு, மனுசனுக்கு இல்ல. பாத்தியா புள்ள?" என்றார் மாமியார்.

எழுந்து நடந்தேன்.

மறுநாள் கண்ணாடியில் பார்த்தபோது என் கன்னம் வேறு யாருடையதோ போல இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பமானது. மாமியார் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவருவார். நான் கையால் விலக்குவேன். வெற்றிலையில் உப்பும் கராம்பும் வைத்து அந்த இடத்தில் அடக்கச் சொல்வார். நான் தலையாட்டி மறுப்பேன். மலையை மூடிக்கொண்டு பனி நிற்கும் அந்தக் குளிரில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்தபோதுதான் அவருக்குக் கோபம் முற்றிவிட்டது.

"தடிமன் புடிச்சுச் சாகப் போற! ஊசி போட்ட ஒடம்புக்கு யாராச்சும் ஐசு வைப்பாங்களா?"

நான் அசையவில்லை. இந்த ஒரு விஷயத்தில் டாக்டர் சொன்னதை மட்டும்தான் கேட்பது என்று முடிவெடுத்திருந்தேன். ஆறிய கஞ்சி, மசித்த வாழைப்பழம், தயிர். நேரத்துக்கு மாத்திரை. மறுநாளிலிருந்து சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, கொப்பளிக்காமல் தலையை மட்டும் சாய்த்து அப்படியே வழியவிட்டேன். கணவர் போனில் கூப்பிட்டால் அவர் மட்டும் பேசுவார். போனை ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. "அம்மாகூட சண்டையா?" என்று கேட்டார். ஒரு தட்டு தட்டினேன். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கூடச் சேர்ந்து நானும் சிரித்தால் எனக்கு வலிக்குமே.

வீக்கம் வற்றத் தொடங்கியதும் மாமியார் அடங்கினார். அடங்கியது மட்டுமல்ல, காவலாகவே மாறிவிட்டார். தோட்டத்துப் பெண் ஒருத்தி சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தபோது, "கொல்லப் பாக்குறியா? கட்டி கழண்டுரும்!" என்று வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். டாக்டர் அம்மாவே நேரில் வந்தது போல இருந்தது.

வீக்கம் போயும் வாய் திறக்கவில்லை. தாடையில் பூட்டுப் போட்டது போல ஒரு விரல்கூட நுழையவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு சின்னவள் என் கன்னத்தைத் தொட்டு, "டீச்சருக்கு வாய் தூங்குது" என்றாள். பாட்டுப் பாட முடியாமல் தாளம் மட்டும் போட்டேன். அவர்களே பாடினார்கள். பாதி வரி தப்பு. திருத்த முடியாமல் இருந்தது பல்வலியைவிடப் பெரிய கஷ்டம்.

தையலைப் பார்க்கப் போன நாளில் டாக்டர் அம்மாவிடம் பயத்தோடு கேட்டேன்.

"தாடைத் தசை இறுகிப் போச்சு. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அதுவா வரும்னு காத்திருக்காதீங்க, நீங்கதான் பழக்கணும்" என்றார். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு இடையே செருகிக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும், பழகப் பழக ஒவ்வொரு குச்சியாகக் கூட்ட வேண்டும் என்று செய்தும் காட்டினார்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். கொழுந்தெடுக்கிறவள். அதற்கு முந்தைய மாசம் அவள் மகளுக்கு இடுப்பு வலி வந்தபோது நாற்காலியில் உட்காரவைத்து முடக்கு வரை தூக்கிக்கொண்டு போனார்கள்.

"பஸ் விசயமா பெரிய ஐயா ஒருத்தரு வாராராம். பொம்பளைங்க சார்பா நீ பேசு. ஒனக்குத்தான் நல்லா சிங்களம் வருமே" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் பதுளை பஜாரில் துணிக்கடையில் வேலைக்கு நின்றபோது வந்த சிங்களம் அது. நான் என் வாயைக் காட்டினேன்.

"இந்த வாயோடதான் பேசணும். அந்த ரோட்டுல ரத்தத்த முழுங்கிக்கிட்டு ஏறி வந்தவ நீதானே?" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து குச்சியை விடவில்லை. காலையில் அடுப்புக்கு முன்னால், பிள்ளைகள் தூங்கும் மத்தியானத்தில், பொழுது சாயும் நேரத்தில். ஒரு குச்சி கூடும்போது காதுக்குள்ளே சுரீரென்று இழுக்கும். கண்ணில் தண்ணீர் வரும். எடுத்துவிடலாம் என்று தோன்றும்போது மதகுக்கட்டை நினைத்துக்கொள்வேன். மாமியார் எதிரில் உட்கார்ந்து தன் வாயையும் ஆவென்று திறந்து காட்டுவார். வெற்றிலைச் சிவப்பில் ஒரு பல்லும் குறையாத வாய். "இந்த மாதிரி தொற, புள்ள. இன்னும் கொஞ்சம்!"

கூட்டம் நடந்த நாளில் என் வாய் பாதிதான் திறந்தது. கோயில் மடத்தில் ஆண்கள் முன்னால் உட்கார்ந்து நீளநீளமாகப் பேசினார்கள். வந்த அதிகாரி தலையசைத்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். நீளமாகப் பேசத் தாடை இடம் தராது என்று தெரியும். தேவையானதை மட்டும் சிங்களத்தில் சொன்னேன்.

"ஐயா, கொழுந்து லொறி தினமும் மேலே போய் வருகிறது. லொறி பஸ்ஸைவிடப் பாரம். பிள்ளைத்தாய்ச்சியை நாற்காலியில் தூக்குகிறோம். நான் பல் வெட்டிய அன்றைக்கு நடந்துதான் ஏறினேன். ரோடு சரியில்லை என்று சொல்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்களா?"

சொற்கள் பல்லிடுக்கில் நசுங்கித்தான் வந்தன. அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒருநாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"ஒருநாள் வேண்டாம் ஐயா. இப்போதே நடப்போம். நானும் வருகிறேன்."

அவர் என்னைப் பார்த்தார், வெளியே மழை விட்டிருப்பதைப் பார்த்தார், எழுந்தார். எனக்கே நம்ப முடியவில்லை. பெண்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். கட்டிய அணையின் மேல் நின்று காலால் உதைத்துப் பார்த்தார். ஓரத்துக்கு இரும்புத் தடுப்பு வேண்டும், பெரிய பஸ் திரும்பாது, சின்ன பஸ் விடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். அவர் பஸ் விடலாம் என்று சொன்னதும் தமிழ் மட்டுமே தெரிந்த என் மாமியார், "என்னா சொல்றாரு? என்னா சொல்றாரு?" என்று என் முந்தானையை இழுத்தார்.

அதன் பிறகும் இரண்டு முறை போய்க் கேட்க வேண்டியிருந்தது. தடுப்பு போட நாளானது. கடைசியில் காலையிலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் சின்ன பஸ் மேல் டிவிசன் வரை வரத் தொடங்கியது. மழை பலமாகப் பெய்கிற நாட்களில் இப்போதும் முடக்கோடு நின்றுவிடுகிறது. அதற்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வாய் முழுதாகத் திறந்துவிட்டது. முறுக்குக் கடிக்கிறேன், கத்திப் பாடுகிறேன், பிள்ளைகளின் தப்பு வரிகளைத் திருத்துகிறேன். கடைசியாகப் போனபோது டாக்டர் அம்மா இடது பக்கத்துப் பல்லும் அதே மாதிரிதான் படுத்திருக்கிறது என்று படத்தில் காட்டினார். "அவசரமில்ல, பயமா இருந்தா கொஞ்ச நாள் கழிச்சுப் பாப்போம்" என்றார்.

"இல்லங்க, நாள் குடுங்க" என்றேன்.