மூன்றாவது முறை போட்ட விண்ணப்பம்

புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் நுண்ணோக்கியில் கண் வைப்பது என்று நினைத்து வந்தேன். பாதி வேலை விண்ணப்பம் எழுதுவது என்று பிறகுதான் தெரிந்தது. 'இளம் ஆராய்ச்சியாளர் நிதி'க்குக் காத்திருந்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும். இரண்டு முறை கிடைக்கவில்லை. இந்த முறையும் இல்லையென்றால் வயது வரம்பு தாண்டிவிடும். தேனியில் பார்க்கும் தற்காலிக வேலையும் முடிந்துவிடும்.

அறுவடை முடிந்த பிறகு

திராட்சைத் தோட்டத்துப் பெண்களில் பலர் புகையிலை போடுகிறார்கள். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது என் திட்டம். வேறு ஊர்த் திட்டம் ஒன்றைப் பார்த்து, 'பரிசோதனை: அறுவடை முடிந்த பிறகு' என்று எழுதி வைத்திருந்தேன். அது எந்த மாதம் என்று ஓடைப்பட்டியில் திராட்சைக் கொத்து வெட்டிக்கொண்டிருந்த பாண்டியம்மா அக்காவிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த கத்தரி நிற்கவில்லை.

"இங்கன அறுவடை எப்ப ஆத்தா முடிஞ்சிருக்கு? இந்தத் தோட்டம் முடிஞ்சா அடுத்த தோட்டம். சாயங்காலம் பழம் ஏத்திக்கிட்டுக் கேரளா லாரி கெளம்புனப்புறம் வா. வாயப் பொளந்துக்கிட்டுச் சும்மாதான் உக்காந்திருப்போம்."

அன்றே 'தினமும் மாலையில்' என்று திருத்தினேன்.

கையெழுத்து

கடைசி நாள். ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய துறைத்தலைவரோ கூடலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பஸ் ஏறிப் போனேன். அவர் கை கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கல்யாணப் பெண்ணின் அப்பா, ஒரு ராவுத்தர், ஃபைலை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அழைக்காமல் வந்த வெட்கத்தோடு பந்தியில் உட்கார்ந்தேன். பிரியாணி சாப்பிட்ட பிறகுதான் ஃபைல் திரும்பக் கிடைத்தது. மண்டப வாசலிலேயே போனில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். ராவுத்தர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"இப்பச் சொல்லும்மா, வெறும் வயித்தோட நின்னிருந்தா கை நடுங்காம அமுக்கியிருப்பியா?"

ஐந்து முகங்கள்

பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்லத் தயங்கி அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவள் நான். நிதிக்கான காணொளி நேர்காணலில் ஐந்து பேர் இருந்தார்கள். "ஏன் மாலையில் மட்டும் பரிசோதனை?" என்றார் ஒருவர். கேரளா லாரியிலிருந்து ஆரம்பித்தேன்; பெட்டி அடுக்குவது, ஆட்கள் ஓய்வது என்று என்னையறியாமல் பேசிக்கொண்டே போனேன். ஒரு மூத்த பெண் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையிலருந்து வந்தவங்க எல்லாரும் மெஷினைப் பத்தியே சொன்னாங்க. ஆளுங்க எப்போ வருவாங்கன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

கடிதம்

போன வாரம் மின்னஞ்சல் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு நிதி. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஷகிலாவிடம் போனை நீட்டினேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, ரெண்டு தடவ கெடைக்காதப்பக் கல்லு மாதிரி இருந்த. கெடைச்சதுக்கா அழுகுற?"

மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லை. முதல் அறிக்கை ஆறு மாதத்தில் வேண்டும் என்று அதே மின்னஞ்சலின் அடியில் இருப்பதை மட்டும் இன்னும் நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.