ஒரு சுண்டு மாவின் நிறை

என் அம்மாவுக்குத் தெரியாத அளவு இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்று நான் நம்பியிருந்த காலம் அது. வெள்ளவத்தையில் இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த சொந்தங்களும் அதில் அடக்கம். அத்தனை பேருக்கும் அம்மா ஒரு பழைய ரின்பால் தகரப் பேணியால்தான் அளந்து சமைத்தார். அதைத்தான் நாங்கள் சுண்டு என்போம்.

அந்த வருடம் அம்மாவின் ஒரே தம்பியான சின்னமாமா, எப்படியோ சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பேக்கரிப் பாண் தின்று தின்று நாக்குச் செத்துவிட்டதாம். பிட்டு அவிக்கப் பார்த்தால் ஒரு நாள் களியாம், மறுநாள் புழுதியாம். அங்கே சுண்டு கிடையாது, தராசுதான் இருக்கிறது. "எங்கட ஒரு சுண்டு மா எத்தனை கிராம் எண்டு பாத்து வையுங்கோ அக்கா. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறன்" என்று முடித்திருந்தார்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"நாலு சுண்டு ஒரு கிலோ. அப்ப ஒரு சுண்டு இருநூற்றைம்பது. இதுக்கென்ன ஆராய்ச்சி?"

ஐந்தாம் வகுப்பில் கணக்கில் முதல் பிள்ளையான நானும் ஆமோதித்தேன்.

"அது அரிசிக்கு. மாவும் அரிசியும் ஒரே பாரமோ?" என்றார் அம்மா.

பேணியையும் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கையின் தெரு முனையிலிருந்த நானாவின் பலசரக்குக் கடைக்குப் போனார். மாவை அமத்தாமல் அள்ளி, மேலே விரலால் வழித்து, தராசுத் தட்டில் கொட்டினார். நூறு, ஐம்பது, இருபது என்று நானா மூன்று படிக்கற்களை வைத்ததும் முள் நேரே நின்றது. நூற்றெழுபது. அப்பாவின் கணக்கில் எண்பது கிராம் பிழை.

அடுத்தது உப்பு. அதற்கு அம்மாவிடம் பேணி இல்லை, கைதான் அளவு. உள்ளங்கையைக் குழித்து அள்ளிப் போட்டார். இருபது கிராம். நானாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கொட்டிவிட்டு மறுபடியும் அள்ளச் சொன்னார். மூன்று தரமும் முள் அதே இடத்தில் நின்றது. சாமான் வாங்க வந்தவர்கள் வந்த அலுவலை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வருஷா வருஷம் தராசுக்குத்தான் சீல் குத்துறாங்க," என்றார் நானா. "ஒங்கட கைக்கும் குத்தோணும் தங்கச்சி."

வீடு வரும்வரை அந்தக் கையைப் பிடிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு டெலிபோன் அடித்தது. அம்மா ரிசீவரைச் சற்று விலக்கிப் பிடிக்க, நானும் காதை ஒட்டிவைத்தேன். அம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆறு சுண்டு மா, ஆயிரத்து இருபது கிராம். ஒரு கை உப்பு, இருபது கிராம். மாமா எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அக்கா, இது எட்டுப் பேருக்கெல்லோ. ஒராளுக்கு எவ்வளவு?"

மாமா இரண்டு தரம் "ஹலோ" என்றார். தராசையே வென்ற அம்மா இந்தச் சின்ன வகுத்தலில் மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மானத்தைக் காப்பாற்ற நானே முந்திக்கொண்டேன்.

"மா நூற்றி இருபத்தேழரை கிராம், மாமா. எட்டால பிரிச்சனான்."

அந்தப் பக்கத்தில் மாமா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அம்மா ரிசீவரை என் கையில் தந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் மனதுக்குள் இன்னொரு முறை வகுத்துப் பார்த்தேன். விடை சரியாகத்தான் இருந்தது.