மஸூதாவின் வெள்ளோட்டம்

உறையை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்க்கிறார் மஸூதா. அதற்குப் பிறகுதான் முகவரியைப் படிக்கிறார்.

"எல்லாத்துலயும் கப்பல் எண்ணெ வாடைதான் அடிக்கிது. இருந்தாலும் மோந்து பார்க்காம விட மனசு வரல" என்று சிரிக்கிறார்.

போர்ட் பிளேர் பஜாரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது இவர் கணவர் காதரின் மளிகைக் கடை. முன்னால் புளியும் மிளகாயும். பின்னால் உள்ள அறையில் கடிதங்கள். 'அந்தமானில் மரம் வெட்டும் குழந்தைவேலுவுக்குக் கிடைக்கவும்' என்று ஊரிலிருந்து எழுதிப் போட்டுவிடுகிறார்கள். தமிழில் அரைகுறையாக எழுதிய அந்த முகவரிகளுக்கு உரியவர் யார் என்று யார் கண்டது? அப்படிப்பட்ட கடிதங்கள் எல்லாம் தபாலாபீஸிலிருந்து கட்டாகக் காதர் கடைக்கு வந்துவிடும். மஸூதாவும் அவரோடு சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஆளைத் தேடிச் சேர்ப்பிக்கிறார்கள். கூலி கிடையாது. பஸ் ஓட்டுகிறவர், தீவுகளுக்கு லாஞ்ச் படகில் போகிறவர், ஆஸ்பத்திரி ஆயா என்று அவரவர் போகிற வழியில் எடுத்துப் போகிறார்கள்.

அந்த அறைக்குப் பூட்டு இல்லை. யாரும் உள்ளே வந்து வேலை நடக்கும் விதத்தைப் பார்க்கலாம். பக்கத்துப் புரோத்ராபூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரிலும் இதேபோல ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு கட்டளைதான். குற்றம் சொல்கிறவர் சும்மா சொல்லிவிட்டு நகர முடியாது. "நொட்டை சொல்லிட்டீங்கல்ல? வாங்க, வந்து ஒக்காந்து சரி பண்ணிக் குடுங்க" என்று மஸூதா பாயை விரித்துவிடுவார்.

இதுவரை ஆணியில் மூன்று சாக்குகள் தொங்கின. காட்டு வேலைக்கு ஒன்று, ரோட்டு வேலைக்கு ஒன்று, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கு ஒன்று. காட்டிலிருந்தவன் ரோட்டுக்குப் போய்விட்டால் கடிதம் சாக்கின் அடியில் கிடந்து மக்கும். எனவே இந்த வருஷம் பெரிய மாற்றம். செய்யும் தொழிலை வைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டு, ஆளின் சொந்த ஊரை வைத்துப் பிரிக்கத் தொடங்கினார் மஸூதா. ஆள் இடம் மாறலாம், அவன் எங்கே போனான் என்பது அவன் ஊர்க்காரனுக்குத் தெரிந்திருக்கும். மராமத்து இலாகா ஸ்டோரில் வேலை பார்க்கும் உதயசூரியன், படாக் மரத் துண்டுகளைச் சேர்த்து அறைகள் வைத்த அலமாரி ஒன்றைச் செய்தார். திருநெல்வேலிக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று, இராமநாதபுரத்துக்கு ஒன்று என்று ஒவ்வோர் அறைக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பு.

அடுத்த கப்பலுக்கு அலமாரியைத் திறந்துவிடலாம் என்றார் உதயசூரியன். மஸூதா ஒப்பவில்லை.

"அடுத்தவங்க கடுதாசிய வச்சா வெளையாடச் சொல்றே? மொதல்ல வெள்ளோட்டம் விடு."

வெற்றுத் தாளை மடித்து வைத்து, நிஜமான பெயர்களை எழுதிய பொய்க் கடிதங்கள் புறப்பட்டன. சேர்ப்பிக்கிறவர் விஷயத்தைச் சொல்லி, உறையைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வண்டூர் பஸ் ஓட்டும் பிஸ்வாஸ் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர். நல்ல கடிதத்தோடு இவை கலந்துவிடக் கூடாதே என்று, தன் பங்குக்கு வந்த உறைகளின் மூலையில் கறுப்பு மையைத் தடவிவிட்டார். வண்டூரில் அன்னம்மாள் என்பவளின் குடிசையில் ஆள் இல்லை. கதவிடுக்கில் உறையைச் செருகிவிட்டு வந்துவிட்டார்.

மூலையில் கறுப்புத் தடவிய கடிதம் வந்தால் தமிழ் வீட்டில் அது சாவுச் சேதி என்று அந்த நல்ல மனிதருக்குத் தெரியாது.

அன்னம்மாளின் கணவர் மதராஸில் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

மறுநாள் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திய பிஸ்வாஸ் இறங்கிக் கடைக்குள் ஓடிவந்தார். "தீதி, நிஷான்தானே போட்டேன், ஒரு அடையாளம்? அவங்க நெஞ்சு மேல அடிச்சு அழறாங்க!"

மஸூதா அதே பஸ்ஸில் ஏறினார். வண்டூரில் அன்னம்மாள் தலைமுழுகி, ஈரக் கூந்தலோடு சுவரில் சாய்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். உறை இன்னும் பிரிக்கப்படாமல் மடியில் கிடந்தது. மஸூதா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னம், இது நான் எழுதின உறை. உள்ள வெறுந்தாளு. ஒனக்கு எந்தச் சேதியும் வரல."

அன்னம்மாள் மடியிலிருந்த உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பம் அவிய இருக்காவளா யக்கா?"

இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மஸூதா அதைச் சொல்லவில்லை.

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைச் சொல்லி ஒன்னை இன்னொரு தடவை ஏமாத்த மாட்டேன்."

"ஒங்க பெட்டியும் வேண்டாம், ஒங்க தயவும் வேண்டாம்" என்றாள் சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி. "எங்களுக்கு வந்தா வருது, வராட்டிப் போவுது."

திரும்பி வந்த மஸூதா அலமாரியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார். உதயசூரியனுக்குக் கோபம். "கப்பல் வந்தாச்சுக்கா! எத்தனை நாள் இழைச்ச மரம் தெரியுமா? ஒரு ஊரு வேணாம்னா மத்த ஊரு என்ன பாவம் பண்ணிச்சு?"

"மரத்துக்கு ஒன்னும் ஆகாது தம்பி. வாங்குறவ கை நடுங்குதுன்னா நாம எதைத் திறக்குறது? ஆணியில சாக்கை மாட்டு."

கடிதக் கட்டு வந்து இறங்கிய காலையில், வாசலில் அன்னம்மாள் நின்றாள். மஸூதா பாயை விரித்தார். அவள் உட்காரவில்லை.

"எழுத்துத் தெரியாதவ வீட்டுல உறைய சொருகிட்டுப் போவாதீய. கையில குடுங்க. குடுக்கதுக்கு முந்தி, யாருட்டேருந்து வந்திருக்குன்னு வாயால சொல்லுங்க. அம்புட்டுத்தான் யக்கா."

"உதயா, அலமாரியத் திருப்பு" என்றார் மஸூதா.

கட்டைப் பிரித்தபோது நாலைந்து உறைகளுக்குக் கீழே ஒரு கோணல் எழுத்து தெரிந்தது. மதராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அன்னம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கணவர் எழுத்தின் சாய்வு தெரியும். மஸூதா உறையை நீட்டினார். அன்னம்மாளின் கை பாதி தூரம் வந்தது. பிறகு புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"பெட்டியில போடுங்க. பஸ்ஸுலயே வரட்டும். எங்கூருக்காரிய எல்லாரும் பாக்கட்டும்."

"பைத்தியமா ஒனக்கு? உள்ள என்ன இருக்கோ!"

"என்ன இருந்தாலும் நாலு பேரு பாக்க வாங்கிக்கிடுதேன்."

மஸூதா அதை அன்னம்மாளின் சொந்த ஊரான திருநெல்வேலியின் அறையில் வைத்தார். அந்த அறைக்குப் பொறுப்பான ஜெயமணி ஆயா எடுத்துப் பார்த்து, "வண்டூர்" என்று சொல்லி பிஸ்வாஸிடம் கொடுத்தார். 'உங்க வீட்டுக்காரர் எழுதினது' என்ற தமிழை பிஸ்வாஸ் வாய்க்குள் உருட்டி உருட்டிப் பழகிக்கொண்டே சட்டைப் பையில் உறையை வைத்தார். அவருடைய இருக்கைக்கு நேர் பின்னால் அன்னம்மாள் உட்கார்ந்தாள். அந்தப் பையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் புறப்பட்டுப் போயிற்று. "அக்கா, அடுத்தது?" என்று கேட்டார் உதயசூரியன். மஸூதா அடுத்த உறையைக் கையில் எடுத்து, முகவரியையே உற்றுப் பார்த்தபடி இருந்தார். மனசு வண்டூர் பஸ்ஸோடு போயிருந்தது.

உறை தலைகீழாக இருந்தது.