பகடை விழுந்தபடி

வெர்லின் ஸ்ட்ரோய்க் பொய்யாட்டம் ஆடாதவன். விஸ்கான்சின் ஆற்றங்கரைக் காகித ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பது அவன் வேலை. சனிக்கிழமை மதியமானால் அவன் வீட்டு நிலவறையில் ஆறு பேர் கூடுவார்கள். பூதங்களும் பொறிகளும் நிறைந்த பாதாளம் ஒன்றைக் கட்டம் போட்ட தாளில் அவன் வரைந்து வைத்திருந்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் இறங்குவார்கள். என்ன செய்கிறோம் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும், என்ன நடந்தது என்று அவன் சொல்வான். சந்தேகம் வந்தால் பகடை சொல்லும். அதை எல்லோர் கண்ணெதிரே மேசை நடுவில்தான் உருட்டுவான். விழுந்தது விழுந்ததுதான்.

முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்த டார்லா ஆட்டத்தில் ஏற்ற திருடி மட்டும் அந்தப் பாதாளத்தில் நாலு வருஷம் சாகாமல் இருந்தாள். அதில் வெர்லினுக்கே உள்ளூரப் பெருமை.

எண்பத்தொன்றாம் வருஷம் பிப்ரவரியில் டார்லாவின் அம்மா இறந்துபோனாள். எட்டாம் நாளே டார்லா ஆட வந்துவிட்டாள். கவனம் எங்கோ இருந்தது. ஒரு பெட்டியைச் சோதிக்காமல் திறந்தாள். உள்ளே விஷ ஊசி. பிழைக்க இருபது முகப் பகடையில் பன்னிரண்டாவது விழ வேண்டும், ஒன்பது விழுந்தது.

"செத்துட்டா" என்றான் வெர்லின்.

"டேய், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்டா" என்றான் லைல். ஆலையில் வெர்லினோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன்.

"நானா கொன்னேன்? பகடை சொல்லுச்சு."

டார்லா தன் திருடியின் விவரம் எழுதிய தாளை நாலாய் மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள். அவளைத் திரும்பக் கூப்பிடுவான் என்று மற்றவர்கள் வெர்லினைப் பார்த்தார்கள். அவன் அடுத்த அறையை வர்ணிக்க ஆரம்பித்தான்.

ஒரே மாதத்தில் லைல் தன் வீட்டில் தனி ஆட்டம் தொடங்கினான். அங்கே ராஜா, சாபம், பழி என்று நீளக் கதை. முன்னால் அட்டையை மறைப்பாக நிறுத்தி, அதன் பின்னே பகடை உருட்டுவான். யாரும் சாவதில்லை. வசந்தம் முடிவதற்குள் டார்லா உட்பட மற்ற எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். வெர்லின் மான்கறி சாஸேஜும் பீரும் வாங்கி வைத்து மூன்று சனிக்கிழமை காத்திருந்தான்.

அக்டோபரில் அவனே ரோஷத்தை விழுங்கிக்கொண்டு லைல் வீட்டுக்குப் போனான். இடம் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். அவனுடைய வீரனைப் பாலத்தில் ஒரு ராட்சசன் மறித்தான். அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டது.

"மயிரிழையில தப்பிச்சிட்டே!" என்றான் லைல்.

வெர்லின் எட்டி அட்டையைத் தூக்கினான். இருபது முகப் பகடையில் இருபது. ராட்சசனின் அடி தப்பவே முடியாத எண்.

"நான் செத்துட்டேன்டா."

"முதல் நாளே உன்னைக் கொல்லணுமா? பாவம்னு விட்டேன்."

"பாவமா? நீயா விடுறதுன்னா அப்புறம் எதுக்குப் பகடைய உருட்டணும்? டார்லாவோட திருடி நாலு வருஷம் பிழைச்சது நிஜமா பிழைச்சது. இங்க யாரு பிழைச்சிருக்கீங்க?"

டார்லாதான் பதில் சொன்னாள். "நீ சொல்றது சரிதான், வெர்லின். ஆட்டத்தப் பத்தி நீ எப்பவும் சரியாத்தான் சொல்லுவே. அன்னிக்கு நான் வெளியே போய்க் கார்ல அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். நீ மேல வந்து பாக்கவே இல்ல."

வெர்லின் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில், "ஆட்டம் பாதியில இருந்துச்சு" என்றான். சொன்ன கணமே அது எவ்வளவு கேவலமாய்க் காதில் விழுந்தது என்று தெரிந்தது. எழுந்து வந்துவிட்டான்.

அடுத்த ஜூனில் லைலுக்கும் டார்லாவுக்கும் கல்யாணம். அழைப்பு அவனுக்கும் வந்தது. கல்யாணம் நடந்த சனிக்கிழமை அவனாகவே ஷிப்ட் கேட்டு வாங்கி ஆலைக்கு வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவனும் லைலும் ஒரே இயந்திரத்தின் இரு பக்கமும் நின்றார்கள். ஸ்பானரைக் கொடு, பெல்ட்டை இழு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.